பழைய சூசை

புன்னைமுனைக் கரையில் சூசையைக் கூப்பிட்டால் வேறொரு சூசை வர ஆரம்பித்தது, நெத்திலிப் பாடு ஓய்ந்து வலைகளையெல்லாம் கோயில் மதில்மேல் காயப்போட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதற்காக யாரும் கையிலிருந்த டீயைக் கீழே வைக்கவில்லை. முதலில் கூப்பிட்டது எடைபோடும் அம்புரோஸ். டீக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, தெருவோடு போன சூசையைப் பார்த்து, "எலே சூசை, ஒரு கட்டன் டீ குடிச்சிட்டுப் போலே" என்றார். தெருவோடு போன சூசை திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தார். அம்புரோஸ் வாயை மூடுமுன் அவர் பக்கத்தில் இன்னொருவன் நின்றான்; அதே உயரம், அதே தோள், ஆனால் சட்டை இப்போதுதான் சலவையிலிருந்து வந்த மாதிரி, உடம்பில் மீன் வாசமும் இல்லை வியர்வை வாசமும் இல்லை, நின்ற மணலில் காலடியும் இல்லை.

"எதைத் தேடணும்?" என்று கேட்டான்.

"ஒண்ணையும் தேட வேண்டாம். டீ குடிக்கத்தான் கூப்பிட்டேன்."

தேட ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவன் நின்ற இடத்தில் இல்லாமல் போனான். அம்புரோஸ் டீக்கடைக்காரரைப் பார்த்து, "ஆளு புதுசா இருக்கான், பேரு மட்டும் நம்ம ஊருப் பேரு" என்றார். "எந்தக் கரைக்காரனோ" என்றார் டீக்கடைக்காரர், டம்ளரைக் கழுவிக்கொண்டே. அவ்வளவுதான்.

ஒரே பேரில் இன்னொருவன் வந்து நிற்பது புன்னைமுனைக்கு ஒரு விஷயமே இல்லை. வீட்டுக்கு ஒரு அந்தோணி இருக்கிற ஊர் அது. பல்லு அந்தோணி, பாம்பே அந்தோணி, ஐஸ்பெட்டி அந்தோணி, அழுமூஞ்சி அந்தோணி என்று ஒவ்வொருவன் பேருக்கு முன்னாலும் ஒரு சொல் ஒட்டியிருக்கும். ஒட்டாத அந்தோணி ஒருத்தன்தான் இருப்பான், உயிரோடு இருக்கிறவர்களில் முதலில் ஞானஸ்நானம் வாங்கினவன். ஊர்ச் சட்டம் அதுதான்: முதலில் வந்தவன் பேரைப் பேராக வைத்துக்கொள்வான், பின்னால் வந்தவன் ஒரு சொல்லை ஒட்டிக்கொள்வான். வாழ வந்த பெண்ணின் பேரில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தால், தாலி கட்டின அன்றைக்கே, பந்தி முடிவதற்குள், புதுப்பெண்ணுக்கு ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவளும் அழுவாள், பிறகு பழகிவிடுவாள்.

சூசை மட்டும் அந்த ஊரில் ஒருவர்தான். அவருக்கு ஒரு வள்ளம் இருந்தது, மற்றவர்களைப்போல அவரும் மீன்பாடு பார்க்கக் கடலுக்குப் போவார். அதற்கு மேல் ஊர் அவருக்குக் கொடுத்த வேலை ஒன்று உண்டு. எது காணாமல் போனாலும் சூசையைக் கூப்பிடுவார்கள். ஆடு, கொலுசு, திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை, கோபித்துக்கொண்டு போன மருமகள், காற்றில் திசை மாறிப்போன வள்ளம். அதில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. ஒரு மூக்குத்தியைத் தேடப் போனால் போகிற வழியில் இருக்கிற வீட்டிலெல்லாம் உட்கார்ந்து, அவர்கள் தொலைத்ததையும் கேட்டு, கருவாட்டைத் திருப்பிப் போட்டுக் கொடுத்து, பொழுது சாய வந்து, "இன்னும் பாக்கல, நாளைக்குப் பாப்போம்" என்பார். மூக்குத்திக்காரி அதற்குள் அழுது முடித்துச் சோறு வடித்திருப்பாள்.

அவருடைய மகள் பிரிஜித் அப்படி இல்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். கெமிஸ்ட்ரி டீச்சர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது எழுந்து நின்று, "மிஸ், இது புரிஞ்சிட்டு. அடுத்ததுக்குப் போங்க, இல்லன்னா நான் போறேன்" என்றாள். டீச்சர் போ என்றார், போய்விட்டாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் போனில் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் மிசினுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். படகுக்காரர் சங்கம் எல்லா வள்ளத்துக்கும் இருக்கிற இடத்தையும் முன்னால் இருக்கிற பாறையையும் சொல்கிற, சோத்துப்பெட்டி அளவில் ஒரு பெட்டியும், ஐஸ் கம்பெனியை ஒட்டிய அறையில் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி வைத்து, அதை ஓட்ட ஆள் தேடியபோது, "வெளியூர்க்காரன் எதுக்கு, நான் செய்றேன்" என்று போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் எழுதினது பெரிய லைப்ரரி. லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை. தனித்தனி வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்துக் கட்டிவைத்த கட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த வேலை நடக்கும். சங்கத்து ஆட்கள் தினமும் வந்து தோளுக்குப் பின்னால் நின்று, "இதுல எடை போடுறது எது, ஏலம் கூறுறது எது" என்று கேட்டு உயிரை எடுத்ததால், எடை போடுகிற வேலைக்கு அம்புரோஸ் என்றும் ஏலத்துக்கு லில்லி என்றும், ஊரில் அந்தந்த வேலையை யார் பார்க்கிறார்களோ அவர்கள் பேரையே வைத்துவிட்டாள். அவரவர் பேரைத் திரையில் பார்த்து அவரவருக்குச் சந்தோஷம். கடலில் காணாமல் போகிற வள்ளத்தைத் தேடுகிற வேலைக்குச் சூசை என்று பேர் வைத்தாள். பேரை வைத்துவிட்டு, உள்ளே என்ன எழுதுவது என்று தெரியாமல், மிசின் கண்டுகொள்ளாத ஒரு குறிப்பை மட்டும் போட்டுவைத்தாள்: அப்பா எப்படித் தேடுறாருன்னு கேட்டு எழுதணும்.

எழுதினதையெல்லாம் மிசினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அது வெறும் வயிற்றோடு வருவதில்லை; கூட்டுகிறவன், பெருக்குகிறவன், நேரம் பார்க்கிறவன் என்று சில வேலையாட்களைப் பிறக்கும்போதே வயிற்றில் வைத்துக்கொண்டு வருகிறது. பிரிஜித் அவர்களுக்கு உள்ளாட்கள் என்று பேர் வைத்திருந்தாள். எந்த நாட்டில் எவன் செய்ததோ, அந்தக் கம்பைலருக்குள் சூசை என்றும் ஒரு உள்ளாள் இருந்தான். அப்பனைத் தொலைத்த எவனாவது செய்திருக்கலாம். அதை யாரும் விசாரிக்கவில்லை. பிரிஜித் எழுதினதை மாற்றும்போது திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி வந்தது: இந்தப் பேரில் என்னிடம் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான், கூப்பிட்டால் என்னுடையவனையே அனுப்புவேன். சிவப்பு வரி வந்தால் வேலை நின்றுவிடும். மஞ்சள் வரி வந்தால் நிற்காது. நிற்காததை எவன் படிப்பான் என்று அவள் அடுத்ததுக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

அன்றிலிருந்து சூசைக்குத் தன் பேர் கேட்கவில்லை. காது நன்றாகத்தான் இருந்தது. கொண்டல் காற்று திரும்புவதும், பக்கத்து வீட்டில் சாளை மீன் பொரிவதும் கேட்டது. ஆனால் சூசை என்று யார் எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் அது அவரைத் தாண்டிப் போய்விடும், கூப்பிட்டவன் பக்கத்தில் அந்த உலர்ந்த சட்டைக்காரன் நிற்பான். எதைத் தேடணும் என்பான். சொன்னால் சொன்ன மூச்சிலேயே பதில் வரும்: கொலுசு கிணற்றங்கரைக் கல்லுக்குப் பின்னால், ஆடு பள்ளிக்கூடத்து மைதானத்தில், மருமகள் அவள் அக்கா வீட்டில், இந்த வீட்டுக்கு வருவதாக இல்லை. ஒன்றுகூடத் தப்பாது. ஊர்க்காரர்களுக்கு முதலில் சங்கடமாக இருந்தது, பிறகு வசதியாக இருந்தது, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பங்குச் சாமியார் மட்டும், அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா என்று ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை.

வீட்டில் எதுவும் மாறவில்லை, ஏனென்றால் வீட்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நான் எந்தக் காலத்துல அந்த மனுசன் பேரைச் சொன்னேன்?" என்றாள் பிரிஜித்தின் அம்மா தெரசம்மா. "இஞ்சேருங்கன்னா வாராரு. கூப்பிடாமலும் வாராரு. எனக்கு ஒரு குறையுமில்ல."

குறை எங்கே என்று சூசையப்பர் திருநாளன்றுதான் தெரிந்தது. அந்த ஊரில் எந்தப் புனிதருக்குத் திருநாளோ அந்தப் புனிதரின் பேருள்ளவர்கள்தான் சப்பரத்தின் முன்கம்பைத் தூக்க வேண்டும். அந்தோணியார் திருநாளில் கம்பில் இடம் கிடைக்காமல் அடிதடியே நடக்கும்; சூசையப்பர் திருநாளில் சூசை ஒருவர்தான், முன்கம்பு முழுசாக அவருடையது. அந்த வருடமும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, சப்பரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். சங்கத் தலைவர் மிக்கேல் மைக்கில், "சூசை, தோள் குடு" என்றார். உலர்ந்த சட்டைக்காரன் வந்து கம்புக்கு அடியில் தோளைக் கொடுத்தான். மடித்த துண்டோடு நின்ற சூசை, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றார். சப்பரம் தெரு திரும்பிப் போனது. வெடிக்காகிதமெல்லாம் தரையில் கிடந்தது. அவர் அப்புறமும் நின்றார்.

அதைப் பார்த்த பிறகுதான் மிக்கேல் கம்ப்யூட்டர் அறையில் சங்கத்தைக் கூட்டினார்.

"ஏட்டி பிரிஜித், நேராச் சொல்லு. ஒங்கப்பன் எங்க போயிட்டான்?"

"எங்கயும் போகல மாமா. அந்தா பின்னால அம்மா பக்கத்துல உக்காந்திருக்காரு. பேருதான் போயிட்டு. கம்பைலருக்குள்ள அதே பேருல ஒருத்தன் இருக்கான், நாம கூப்பிடுறது அவனுக்குப் போவுது."

"அப்ப அவனுக்கு முன்னால எதையாவது ஒட்டு. மிசின் சூசைன்னு வையி."

"கூப்பிட்டுப் பாருங்க, வர மாட்டான். அவனை எழுதினது நான் இல்ல. நான் எழுதின பேரைத்தான் நான் மாத்த முடியும்."

மிக்கேல் கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. அழுமூஞ்சி அந்தோணி, "அவனை வேலையை விட்டு நிறுத்த முடியாதா?" என்று கேட்டார்.

"இந்தக் கம்பைலரு மலிவா வாங்கினது மாமா, அவனை மட்டும் நிறுத்துற வழி இதுல இல்ல. விட்டா எல்லா உள்ளாளையும் விடணும். அப்புறம் கூட்டல் கழித்தல்கூட நான் எழுதினதை வெச்சித்தான் ஓடணும். பெட்டியெல்லாம் ஆமை மாதிரி ஆயிடும்."

மிக்கேல் மோவாயைத் தடவினார். "சரி, சட்டப்படி பாப்போம். இந்தக் கம்பைலரு எப்பப் பொறந்தது?"

அந்த இடத்தில் அவள் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போன வருடம் என்று சொல்லியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. பிரிஜித்துக்குப் பொய் சொல்ல வராது, பதிலை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கவும் வராது. "அம்பது வருசத்துக்கு மேல இருக்கும்" என்றாள்.

"ஒங்கப்பனுக்கு?"

"நாப்பத்தி நாலு."

பேச என்ன இருக்கிறது, முதலில் வந்தவன் அவன். பேர் அவனுடையது. ஏதோ ஒரு சொல்லை ஒட்டிக்கொள்ள வேண்டியது சூசைதான். தெரசம்மா கணவரின் முழங்கையைத் தொட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து, "பிள்ள என்ன வெக்குதோ வெக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வள்ளத்துச் சூசை என்றார் ஒருவர். ஏலம் கூறும் லில்லி, "தேடுற சூசைன்னு வையேன் பிள்ள, அதான அவரு செய்றது" என்றாள். நல்ல பேர்தான். பிரிஜித்துக்கு அந்தப் பேர் வருகிற இடங்களிலெல்லாம் போய் அடிக்க வேண்டியிருந்தது, கூட்டம் வேறு கழுத்துக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, மதியச் சோறு இன்னும் ஆகவில்லை. மிசினில் எழுதுகிறவர்கள் ஒன்றை மாற்றி வைக்கும்போது மாற்றப்பட்டதற்குப் பழையது என்று பேர் வைத்து ஓரமாகத் தள்ளுவார்கள், எல்லாரும் செய்கிறதுதான், அவளுடைய விரல் அதையே அடித்தது. பழைய சூசை.

"சட்டப்படி அவன்லா பழசு?" என்றார் அம்புரோஸ்.

"மிசின்ல அப்படித்தான் வெப்பாங்க மாமா" என்றாள். மஞ்சள் வரி வரவில்லை. மிக்கேல் எழுந்து நின்று, "பழைய சூசை" என்று கூப்பிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று தலையை நிமிர்த்தி, "என்ன மாப்ள" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தெரசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

பேர் வேலை செய்தது. அதுதான் பிசகு, நன்றாகவே வேலை செய்தது. பழைய சூசை, வா என்றார்கள், வந்தார். பழைய சூசை, போ என்றார்கள், போனார். அப்படிக் கூப்பிடக் கூப்பிட, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்குவதற்குள், அவர் முடி வெளுத்தது, முதுகு வளைந்தது, இல்லாத இருமல் வந்தது. பஸ்ஸில் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். பேசுகிறவர்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள். கரையில் வள்ளம் தள்ளக் கை கொடுக்கப் போனால், "நீரு இரும், நாங்க பாத்துக்கிடுதோம்" என்றான் அவரைவிட மூத்தவனான பாம்பே அந்தோணி. கொஞ்ச நாளில் வள்ளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் சீட்டு விளையாடும் கிழவர்களோடு போய் உட்கார்ந்தார். அவருக்குச் சீட்டு விளையாடத் தெரியாது. யாரும் அவரைத் தேடக் கூப்பிடவில்லை, தேடத்தான் அவன் இருந்தானே. ஊர் இதையும் கதைபேசி முடித்தது: சில பேருக்குச் சீக்கிரம் மூப்பு வரும், அவங்க குடும்பத்துல அப்படி.

பிரிஜித் அதைத் தினமும் பார்த்தாள். பேரை மாற்றலாம் என்று உட்கார்ந்தும் பார்த்தாள். மிசினில் மாற்றுவதற்கு ஒரு மத்தியானம் போதும். ஆனால் அந்தப் பேர் அதற்குள் எல்லார் வாயிலும் போய் உட்கார்ந்திருந்தது, ஐஸ் லாரிக்காரன் வாயில்கூட, ஒவ்வொரு வாயாகப் போய்த் திறந்து மாற்ற முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். அவள் எதையும் நாளைக்கு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கச்சான் பலமாக அடித்த ஒரு காலையில் கிளாராவின் மகன் பெர்க்மான்ஸ் திரும்பி வரவில்லை. பிரிஜித்துக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே படித்தவன், எல்லாரையும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன், அவளை மட்டும் எக்ஸ்பிரஸ் என்பான். கிளாராவுக்கு அவன் ஒரே பிள்ளை. வள்ளங்கள் எல்லாம் கரை ஏறிவிட்டன, அவனுடையது வரவில்லை, பெட்டி பதில் சொல்லவில்லை. கிளாரா ஈரமணலில் நின்று கடலைப் பார்த்து, "சூசை" என்று கத்தினாள், எத்தனையோ தாய்மார் அந்த இடத்தில் நின்று கத்தின மாதிரியே.

சை என்று அவள் முடிக்குமுன் அவன் பக்கத்தில் நின்றான். "எதைத் தேடணும்?"

"எம்பிள்ளைய. பெர்க்மான்ச."

"கிழக்கே, பாறைக்கு அடியில், வலைக்குள். உயிர் இல்லை" என்றான். சொல்லிவிட்டு இல்லாமல் போனான். கிளாராவின் கை அப்போதும் அவனைப் பார்த்து நீட்டினபடிதான் இருந்தது.

சொன்ன இடத்தில்தான் பெர்க்மான்ஸ் இருந்தான். மதியத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சாயந்திரம் அடக்கமும் முடிந்தது. இப்படி ஒரு வசதி முன்னால் இருந்ததில்லை என்று கல்லறை வாசலில் யாரோ சொன்னார்கள், சொன்னவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, மீன் இறங்கி முடிந்த வேளையில், கிளாரா சங்க அறைக்கு வந்தாள். தலை வாரவில்லை. பிரிஜித்துக்கு முன்னால் வந்து நின்று, "ஒங்கப்பாவைத் தேடச் சொல்லு" என்றாள்.

"யாரை, பெரியம்மா?"

"பெர்க்மான்ச."

"பெரியம்மா, அவன்தான் கெடச்சாச்சே. அடக்கம் பண்ணிட்டோமே."

"கெடச்சான். யாரு தேடினா?" என்றாள் கிளாரா. "நான் கூப்பிட்டேன், அவன் சொன்னான். என்னோட ஒரு நேரம் கரையில உக்காரல ஒருத்தரும். வந்துருவான் மைனின்னு பொய்யா ஒரு வார்த்தை சொல்லல. ஒரு ஆட்டைக்கூட இந்த ஊருல சாயந்திரம் வரைக்கும் தேடுவாங்க. எம்பிள்ளைய யாருமே தேடல, பிரிஜித்து. தேடாமலே கெடச்சிட்டான்."

பிரிஜித் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அப்பாவிடம் போய்ச் சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் தன் கைகளைப் பார்த்துவிட்டு, "பழைய ஆளு, இனி எங்கம்மா கடலுக்குப் போறது" என்றார். நாற்பத்து நாலு வயசு.

அவள் சங்க அறைக்கு ஓடினாள். தன் லைப்ரரியிலிருந்து பழைய என்ற சொல்லை அழித்தாள். உள்ளாட்கள் யாரும் வேண்டாம் என்று சொல்கிற சொல்லைக் கம்பைலருக்குக் கொடுக்கும் வரியின் கடைசியில் சேர்த்து, யாரிடமும் கேட்காமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றினாள். கூட்டுகிறவன் போனான், பெருக்குகிறவன் போனான், நேரம் பார்க்கிறவன் போனான், எல்லாரோடும் அவனும் போனான். மஞ்சளும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. பெட்டிகளெல்லாம் அவளுடைய அரைகுறைக் கூட்டலில் முக்கி முக்கி ஓட ஆரம்பித்தன.

பிரிஜித் கூட்டிக்கொண்டுபோக, கிளாரா கரையில் நின்று, "சூசை" என்றாள்.

அவர் வீட்டு வாசலில் திரும்பினார். மாதக்கணக்கில் கேட்காத பேரைக் கேட்டவர் முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தார், பிறகு நிமிர்ந்தார், தெருவில் நடந்தார், நடக்க நடக்க முதுகு நேரானது, மணலில் கால் வைக்கும்போது இருமல் இல்லை. கிளாராவுக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மகளைப் பார்த்தார்.

அப்போதுதான் பிரிஜித்துக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. அப்பா எப்படித் தேடுறாருன்னு கேட்டு எழுதணும். கேட்கவில்லை. கம்பைலரின் சூசை எப்போதும் முந்திக்கொண்டதால், அவளுடைய சூசைக்குள் ஒன்றுமே இல்லை என்பது இத்தனை நாளும் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை.

"அப்பா," என்றாள், "தேடுறதுன்னா நீங்க என்ன செய்வீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. "கூப்பிடுவாங்க," என்றார், "போவேன்." அதற்கு மேல் அவருக்கு ஞாபகம் இல்லை.

"அது போதும்" என்றாள் கிளாரா. "போ சூசை."

அவர் கவிழ்த்து வைத்த வள்ளத்தை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு போனார். கல்லறையில் படுத்திருக்கிற பிள்ளையைத் தேடி ஒருவர் கடலுக்குப் போவதை ஊர் பார்த்தது, வலை பின்னிக்கொண்டே பார்த்தது, லில்லி ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கிளாரா பக்கத்தில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள், பிறகு இன்னும் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். பெர்க்மான்ஸ் யார் யாருக்கு என்னென்ன பட்டப்பேர் வைத்தான் என்று பேச்சு வந்தது, கிளாரா ஒரு தடவை சிரித்தாள்கூட. பொழுது சாய வள்ளம் வந்தது.

"பாத்தியா சூசை?"

"இல்ல மைனி."

"நாளைக்குப் போ."

"போறேன்."

அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். இப்படியே நாளும் நடந்தது. காலையில் கூப்பிடுவாள், போவார், சாயந்திரம் வெறுங்கையோடு வருவார், இல்ல மைனி என்பார். உள்ளே ஒன்றும் எழுதாத வேலை அப்படித்தான் இருக்கும்: கூப்பிட்டால் போகும், ஒன்றுமில்லாமல் திரும்பி வரும். பிரிஜித் ஒவ்வொரு நாளும் அதற்குள் ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தாள், ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை.

ஆனால் பெட்டிகள் மற்றவர்களுக்கும் வேண்டியிருந்தன. எடை தப்பாக வந்தது, ஐஸ் லாரி காத்திருக்காமல் போனது, அதையெல்லாம் கிளாராவுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு மூடுபனிக் காலையில் பல்லு அந்தோணியின் வள்ளத்துக்கு, முன்னால் பாறை இருக்கிறது என்ற செய்தி, பாறையில் உரசின பிறகு வந்து சேர்ந்தது. ஆள் பிழைத்தார், கால் எலும்பு இரண்டாகிவிட்டது. மிக்கேல் சங்க அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"கோவமில்ல பிள்ள. ஒங்கப்பனைப் பாக்கையில எனக்கும் சந்தோசமாத்தான் இருந்திச்சி. ஆனா நாளைக்கு இன்னொரு பெர்க்மான்ஸ் போனா நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லுவேனா?"

"ரெண்டு பேருமே சொல்ல முடியாது மாமா" என்றாள். உண்மை அதுதான். வரியின் கடைசியில் சேர்த்த சொல்லை எடுத்தாள். மஞ்சள் வரி வந்தது. இந்தத் தடவை முழுசாகப் படித்தாள்.

படித்துவிட்டுக் கரைக்கு ஓடினாள், அப்பாவிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று. அதற்குள் கிளாரா வாயைத் திறந்திருந்தாள். "சூசை" என்று அவள் கூப்பிட, உலர்ந்த சட்டைக்காரன் வந்து நின்று, "எதைத் தேடணும்?" என்றான். கிளாரா அவனைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள், அதற்குப் பிறகு அவள் கரைக்கு வரவில்லை.

தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நின்று வள்ளத்தைப் பிடித்திருந்தவர், கூப்பிடுவார்கள் என்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை வந்தது, போனது. கொஞ்சம் தள்ளினார், நிறுத்தினார், மறுபடி கொஞ்சம் தள்ளினார்.

"அப்பா" என்றாள் பிரிஜித். அதற்குத் திரும்பினார். அது மட்டும் எந்த மிசினுக்குள்ளும் இல்லை.

வள்ளத்தை இரண்டு பேருமாக இழுத்துக் கவிழ்த்தார்கள். மணலில் நடந்தார்கள். அவருடைய சட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது, காலடிகள் பின்னாலேயே வந்தன.

"அப்பா, பழசுன்னு வெச்சது என் தப்பு. வேற வெக்கிறேன். எவ்வளவு நீளமா இருந்தாலும் சரி, எத்தனை இடத்துல அடிச்சாலும் சரி. ஊருல ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் நானே சொல்றேன். ஒங்களுக்கு என்ன பேரு வேணும்?"

அவர் எதற்கும் உடனே பதில் சொல்கிற ஆள் இல்லை, அவளும் இந்தத் தடவை அவசரப்படுத்தவில்லை. ஐஸ் கம்பெனியைத் தாண்டினார்கள், டீக்கடையைத் தாண்டினார்கள், கோயில் மதிலில் காய்ந்துகொண்டிருந்த வலைகளைத் தாண்டினார்கள். வீட்டு வாசலில் நின்று காலில் ஒட்டின மணலைத் தட்டினார்.

"சூசைன்னே வையேன்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை. அவர் பக்கத்தில், மணலில் காலடி இல்லாமல், அவன் வந்து நின்றான். "எதைத் தேடணும்?"

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். "நான் கூப்பிட்டது ஒன்னை இல்லய்யா, நீ போ" என்று அவனுக்கு மரியாதையாகச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து வீட்டுக்குள் போனார்.